ஆக்சிஜனேற்ற அழுத்தம்: ஒரு கருத்தாக்கத்தின் வளர்ச்சியும் நீரிழிவு ஆய்வில் அதன் இடமும்

வளர்சிதை மாற்ற நோய்களைப் பற்றிய உயிர்வேதியியல் ஆய்வுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளாக மிகுதியாகக் கையாளப்பட்டுவரும் கருத்தாக்கங்களுள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஒன்றாகும். செல்லுக்கு ஆற்றலைத் தரும் அதே ஆக்சிஜன், வினைபுரியும் போக்கில் செல்லையே சிதைக்கும் பொருள்களாகவும் மாறுகிறது என்பதும், அவற்றை அடக்கும் உடலின் திறன் குறையும்போது நோய் தோன்றுகிறது என்பதும் இக்கருத்தாக்கத்தின் சாரம். இதன் வேதியியல் அடித்தளம் சோதனைமேல் சோதனையாக உறுதியாக எழுப்பப்பட்டது. ஆனால் அதிலிருந்து ஊட்டச்சத்துத் துறை பெற்ற முடிவு, அதாவது உயிர்ச்சத்து மாத்திரைகளால் நோயைத் தடுத்துவிடலாம் என்ற முடிவு, சான்றுகள் முதிர்வதற்கு முன்பே எடுக்கப்பட்டது. இந்த இரு போக்குகளையும் பிரித்துப் பார்த்தாலன்றி இத்துறையின் வரலாறு விளங்காது.

ஆக்சிஜனும் நஞ்சாகலாம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. உயர் அழுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கும் விலங்குகளுக்கு வலிப்பு ஏற்படுவதைப் பிரெஞ்சு உடலியங்கியலாளர் பால் பெர் 1878-இல் விரிவாக எழுதினார், காரணம்தான் தெரியவில்லை. 1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மோசஸ் காம்பெர்க், இணை சேராத எலக்ட்ரானைக் கொண்ட கரிமத் துணுக்கு ஒன்று கரைசலில் நிலைத்திருக்க முடியும் என்று காட்டினார். தனி உறுப்பு எனப்படும் இத்தகைய துணுக்கு, தன் எலக்ட்ரானுக்கு இணை தேடி அருகிலுள்ள மூலக்கூறுகளைத் தாக்கும் இயல்புடையது. அடக்கமற்ற இவ்வினைத்திறன் காரணமாகவே உயிருள்ள திசுக்களில் தனி உறுப்புகளுக்கு இடமிருக்காது என்று வேதியியலாளர்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். இக்கருத்தை அசைத்தவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மன். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், ஆக்சிஜன் நச்சுமைக்கும் எக்ஸ் கதிர்களால் விளையும் சேதத்துக்கும் தனி உறுப்புகளே பொதுக் காரணம் என்று 1954-இல் வாதிட்டார். இரண்டு ஆண்டுகளில் டென்ஹம் ஹார்மன் இதை முதுமைக்கும் விரித்தார். இருவரின் கருத்தும் உடனடி ஏற்பைப் பெறவில்லை. உடலுக்குள் தனி உறுப்பு உண்டாகிறது என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டத்தக்க சான்று அப்போது இல்லை.

அச்சான்று வந்த விதம் இத்துறையின் வரலாற்றில் நின்று நோக்கத்தக்கது. டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃபிரிடோவிச்சும் அவருடைய மாணவர் ஜோ மெக்கார்டும் பாலிலிருந்து பெறப்படும் சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். இந்நொதி, ஆக்சிஜன் உள்ள சூழலில், சைட்டோகுரோம் சி என்ற சிவந்த புரதத்துக்கு எலக்ட்ரானை ஏற்றும். ஏற்றம் நிகழ்ந்த அளவை 550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்படும் அளவைக் கொண்டு அறியலாம். இதற்குத் தொடர்பே இல்லாத சில புரதத் தயாரிப்புகளைச் சேர்த்தபோது இந்த ஏற்றம் தடைபட்டது. தடையை உண்டாக்கியது அப்புரதங்கள் அல்ல, அவற்றில் மிகச் சிறிதளவு கலந்திருந்த வேறொரு புரதம் என்று மெக்கார்டு கண்டார். சாந்தைன் ஆக்சிடேஸ் வெளியிடும் சூப்பராக்சைடை, அதாவது ஓர் எலக்ட்ரானை மட்டும் கூடுதலாகப் பெற்ற ஆக்சிஜனை, அப்புரதம் அழிப்பதால்தான் எலக்ட்ரான் சைட்டோகுரோமைச் சென்றடையவில்லை என்பது தெளிவாயிற்று. மாட்டின் செங்குருதி அணுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்தப் புரதம் புதியதும் அன்று; 1938-இலேயே கேம்பிரிட்ஜில் மேனும் கெய்லினும் அதைப் பிரித்தெடுத்திருந்தனர், ஆனால் அதன் வேலை இன்னது என்று தெரியாமல் செம்பைக் கொண்ட ஒரு புரதமாக மட்டுமே அது முப்பது ஆண்டுகள் அறியப்பட்டிருந்தது. 1969-இல் அதற்குச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயரிடப்பட்டது. சூப்பராக்சைடை அழிப்பதற்கென்றே ஒரு நொதியை உடல் வைத்திருக்கிறது என்றால், உடலுக்குள் சூப்பராக்சைடு உண்டாகியே தீரவேண்டும் என்ற தருக்கத்துக்கு மறுமொழி இருக்கவில்லை.

இதன் பின் ஆய்வுகள் விரைந்தன. சூப்பராக்சைடிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கேட்டலேஸும், செலினியத்தைக் கொண்ட குளுட்டாத்தியோன் பெராக்சிடேஸும் நீராக்குகின்றன என்ற பாதுகாப்பு வரிசை நிறுவப்பட்டது. செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவும் பெராக்சைடை உண்டாக்குவதைப் பிரிட்டன் சான்ஸ் குழுவினர் காட்டினர். அங்குள்ள மாங்கனீசு வகை டிஸ்மியூட்டேஸ் இல்லாமல் பிறக்கவைக்கப்பட்ட ஓர் எலி இனம் ஏறத்தாழ பத்து நாட்களுக்குள் இதயம் நலிந்து இறந்துபோனது 1995-இல் அறிவிக்கப்பட்டது. இதற்கிடையில் 1973-இல் பெர்னார்டு பேபியர் குழுவினர், வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்காகச் சூப்பராக்சைடை வேண்டுமென்றே சுரக்கின்றன என்று கண்டறிந்தனர். தனி உறுப்பு முழுக்கவும் பகையல்ல என்ற இந்தச் செய்தி அக்காலத்தில் பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

1985-இல் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பதையே தலைப்பாகக் கொண்ட நூலைத் தொகுத்து, ஆக்சிஜனேற்றிகளுக்கும் அவற்றின் எதிர்ப்பொருள்களுக்கும் இடையிலுள்ள சமநிலை முன்னவற்றின் பக்கம் சாய்ந்து சேதத்துக்கு இடந்தரும் நிலை என அதை வரையறுத்தார். வரையறை எளிதாயிருந்த அளவுக்கு அளவீடு எளிதாயிருக்கவில்லை. கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததற்கு அடையாளமாகத் தயோபார்பிட்டூரிக் அமிலத்தோடு தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தை அளக்கும் மலிவான சோதனை உலகெங்கும் பரவியது. சர்க்கரைகள் உள்ளிட்ட பிற பொருள்களும் அதே நிறத்தைத் தரக்கூடும் என்பதால், இச்சோதனை ஒன்றை மட்டுமே நம்பிய எண்ணற்ற கட்டுரைகளின் முடிவுகள் வலுவற்றவை என்றே கொள்ளவேண்டும். 1990-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாரோவும் ராபர்ட்சும் கண்டறிந்த ஐசோபுரோஸ்டேன்கள் வந்த பின்னரே நம்பத்தகுந்த அளவுகோல் கிடைத்தது.

நீரிழிவோடு இக்கருத்தாக்கத்துக்குள்ள உறவு அதன் பெயரைவிடப் பழையது. அலாக்சான் என்ற வேதிப்பொருள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தேர்ந்து அழிப்பதை 1943-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் கண்டனர். அது தனி உறுப்புகள் வழியே செயல்படுகிறது என்பதும், பீட்டா செல்களில் கேட்டலேஸும் குளுட்டாத்தியோன் பெராக்சிடேஸும் மிகக் குறைவாகவே உள்ளன என்பதும் பின்னர் வெளிப்பட்டன. ஆயினும் மிகுந்த குருதிச் சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றை எவ்வாறு கெடுக்கிறது என்ற வினா எஞ்சி நின்றது. சர்பிட்டால் பாதை, புரதங்களில் சர்க்கரை ஒட்டும் பாதை, புரதக் கைனேஸ் சி, ஹெக்சோசமீன் பாதை என நான்கு விளக்கங்கள் தனித்தனியே நிலவின. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் மைக்கேல் பிரவுன்லீ குழுவினர், மாட்டின் பெருந்தமனி உட்சுவர்ச் செல்களை வளர்ப்பு ஊடகத்தில் 30 மில்லிமோலார் குளுக்கோசில், அதாவது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 540 மில்லிகிராம் சர்க்கரையில் வைத்து, அவற்றின் மைட்டோகாண்ட்ரியா மிகுதியாகச் சூப்பராக்சைடை வெளியிடுவதைக் கண்டனர். மாங்கனீசு டிஸ்மியூட்டேஸை அச்செல்களில் மிகுதியாக்கியபோது சூப்பராக்சைடு அடங்கியது. அதனோடு சர்பிட்டால் சேர்வதும், கைனேஸ் தூண்டப்படுவதும், சர்க்கரை ஒட்டிய புரதங்கள் பெருகுவதும் ஒருங்கே நின்றன. 2000-இல் வெளியான இம்முடிவு, தனித்தனி எனக் கருதப்பட்டவற்றுக்கு ஒரே ஊற்றைக் காட்டியது. செல் வளர்ப்பில் கண்டதை மனித உடலுக்கு அப்படியே ஏற்றுவதில் பின்னர் ஐயங்கள் எழுந்தபோதிலும், நீரிழிவின் சிக்கல்களை ஒரே நூலில் கோத்துப் பார்க்கக் கற்றுத்தந்தது இந்த ஆய்வே.

ஊட்டச்சத்துத் துறையின் கதை வேறு. 1922-இல் பெர்க்லியில் ஈவான்சும் பிஷப்பும் எலிகளின் இனப்பெருக்கத்துக்குத் தேவையான உணவுக் கூறாகக் கண்ட வைட்டமின் ஈ, பின்னாளில் கொழுப்பைக் காக்கும் எதிர்ப்பொருளாக அடையாளம் பெற்றது. காய்கனி மிகுதியாக உண்போரிடம் புற்றுநோயும் இதயநோயும் குறைவு என்ற கணக்கெடுப்புகளைக் கொண்டு, அவற்றிலுள்ள எதிர்ப்பொருளே காரணம் என்று பலர் ஊகித்தனர். அவ்வாறு உண்போர் குறைவாகப் புகைப்பவர்களாகவும் உடலுழைப்பு உள்ளவர்களாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை எழாமல் இல்லை. எனினும் சந்தை அதற்குக் காத்திருக்கவில்லை.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானபோது, நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்த மற்றோர் ஆய்வு, நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு மிகுந்ததால் 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பே நிறுத்தப்பட்டது. 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,541 பேரில் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ சராசரியாக நான்கரை ஆண்டுகள் தரப்பட்டும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்களுள் இடம்பெற்றிருந்த ஏறத்தாழ 3,600 நீரிழிவாளரின் சிறுநீரகத்துக்கும் பயன் இல்லை. வேதியியல் நோக்கில் இது வியப்புக்குரியதன்று. வைட்டமின் ஈ செல்லின் கொழுப்புப் படலத்தில் தங்குவது. சூப்பராக்சைடோ மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பிறந்து, நொதியோடோ நைட்ரிக் ஆக்சைடோடோ கணப்பொழுதில் வினைபுரிந்து முடிவது. அந்த ஓட்டத்தில் மாத்திரையாக விழுங்கிய உயிர்ச்சத்து குறுக்கே பாய இடமே இல்லை.

இதனினும் ஆழமான திருத்தம் 2009-இல் ஜெர்மனியின் யேனா நகரில் மைக்கேல் ரிஸ்டோ குழுவினரிடமிருந்து வந்தது. இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் உட்கொண்டனர். பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை, மாத்திரை உண்ணாதவர்களிடம் மட்டுமே கூடியது. தசையில் பயிற்சியின்போது உண்டாகும் தனி உறுப்புகளே டிஸ்மியூட்டேஸ் முதலிய காப்பு நொதிகளைக் கூடுதலாக ஆக்கும்படி செல்லுக்கு அறிவிக்கும் சமிக்ஞையாகவும் செயல்படுகின்றன என்பதும், மாத்திரை அந்தச் சமிக்ஞையையே அவித்துவிட்டது என்பதும் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இது சிறிய ஆய்வே. பின்வந்த சில ஆய்வுகள் இதே முடிவைத் தரவில்லை. ஆனால் தனி உறுப்பைச் செய்தியாகவும் காணும் நோக்கு இதன் பின் வலுப்பெற்றது. உடலின் சொந்தக் காப்பு நொதிகளைத் தூண்டும் நர்ஃப்2 என்ற புரதத்தை மருந்தால் இயக்கும் முயற்சியும் எளிதாய் அமையவில்லை. நீரிழிவோடு முற்றிய சிறுநீரக நோயும் கொண்ட 2,185 பேரிடம் பார்டாக்சலோன் என்ற மருந்தைச் சோதித்த ஆய்வு, இதயச் செயலிழப்பு மிகுந்ததால் 2012-இல் நிறுத்தப்பட்டது.

நீரிழிவில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டு என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அதைத் தணிப்பதற்கு உறுதியான சான்றுள்ள வழிகள் குருதிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், உடலுழைப்பு, எடைக் குறைப்பு, புகையை விடுதல் ஆகியவையே. காய்கனிகளையும் கீரைகளையும் உணவாக உண்பதற்கு மேற்கண்ட ஆய்வுகள் எதுவும் எதிரானவை அல்ல; அவை மறுத்தது தனித்துப் பிரித்தெடுத்த கூறுகளை மிகையளவில் விழுங்குவதையே. வைட்டமின் ஈ, சி, கரோட்டின் முதலிய எதிர்ப்பொருள் மாத்திரைகளை வழக்கமாக உட்கொள்ளுமாறு அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் சிகிச்சை நெறிமுறைகள் பரிந்துரைப்பதில்லை. பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈ-யையும் இதயநோய், புற்றுநோய்த் தடுப்புக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் அறிவித்தது.