உடற்பருமன் எத்தனை பேருக்கு? அளவுகோல் மாறினால் மாறும் கணக்கு

வலியசாலை (திருவனந்தபுரம்): இந்தியாவில் உடற்பருமன் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. உலக நாடுகளை ஒப்பிடும் அளவுகோலின்படி, வயது வந்த பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கில் நான்கு பெண்களில் ஒருவர் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையவர். இடுப்புச் சுற்றளவை அளந்தாலோ பத்துப் பெண்களில் நால்வர் அந்த வரம்பைக் கடக்கின்றனர். மூன்றும் முறையான ஆய்வுகளில் கிடைத்த எண்களே. எந்த எண்ணைக் கொண்டு தம்மை மதிப்பிட்டுக்கொள்வது என்பது, குறிப்பாகத் தென்னிந்தியருக்கு, உடல்நலத்தைத் தீர்மானிக்கும் கேள்வியாக உள்ளது.

இரு மாநிலங்களின் சந்திப்பில்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ள வலியசாலையில், மகாதேவர் கோயிலைச் சார்ந்த அக்ரகாரத் தெருக்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. குடும்பநல ஆய்வு மாவட்ட அளவு வரையிலேயே புள்ளிவிவரம் தருகிறது. தெருவுக்கும் பேட்டைக்கும் தனிக் கணக்கு தருவதில்லை. எனினும், இத்தகைய குடும்பங்கள் வாழும் மாநிலத்தை எடுத்துக்கொண்டாலும், அவை பேசும் மொழிக்குரிய மாநிலத்தை எடுத்துக்கொண்டாலும், இரண்டும் நாட்டின் பட்டியலில் மேல்வரிசையில் நிற்கின்றன.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையோர் தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு; கேரளத்தில் 38.1 விழுக்காடு. பெரிய மாநிலங்களுள் பஞ்சாப் (40.8) மட்டுமே இவற்றுக்கு மேலே உள்ளது. தேசிய சராசரி 24 விழுக்காடு. ஆண்களில் தமிழ்நாட்டில் 37 விழுக்காட்டினரும் கேரளத்தில் 36.4 விழுக்காட்டினரும் இவ்வகையில் அடங்குவர். தேசிய சராசரி 22.9.

எண்களைவிட அவை உயர்ந்த வேகம் கவனத்துக்குரியது. 2015-16ஆம் ஆண்டின் நான்காவது ஆய்வில் பெண்களுக்கான அளவு தமிழ்நாட்டில் 30.9 ஆகவும் கேரளத்தில் 32.4 ஆகவும் இருந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டு இடைவெளியில் தமிழ்நாடு கேரளத்தை முந்தியது. மறுமுனையில் மேகாலயா (11.5), ஜார்க்கண்ட் (11.9), பிகார் (15.9) ஆகியன உள்ளன. நகர்ப்புறப் பெண்களில் 33.2 விழுக்காடு, ஊரகப் பெண்களில் 19.7 விழுக்காடு என்ற இடைவெளியும் தொடர்கிறது.

அதேவேளையில் மெலிவு மறைந்துவிடவில்லை. நாட்டில் 18.7 விழுக்காட்டுப் பெண்களும், கேரளத்திலேயே பத்தில் ஒரு பெண்ணும் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். ஒரே மாநிலத்தில், சில வேளைகளில் ஒரே வீட்டில், ஊட்டக்குறைவும் மிகை எடையும் அருகருகே இருப்பதை வல்லுநர்கள் இரட்டைச் சுமை என்கின்றனர்.

கோடு எங்கே வரையப்படுகிறது

உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியெண். பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்டலே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த இந்த விகிதத்துக்கு, 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் இன்றைய பெயரைச் சூட்டினர்.

உலக சுகாதார அமைப்பு 25 முதல் அதிக எடை என்றும், 30 முதல் உடற்பருமன் என்றும் வகைப்படுத்துகிறது. ஆசிய மக்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே நோய் அபாயம் தொடங்குவதால், 2002இல் சிங்கப்பூரில் கூடிய அந்த அமைப்பின் வல்லுநர் குழு 23, 27.5 ஆகிய எண்களையும் நடவடிக்கைக்கான கூடுதல் எல்லைகளாகச் சேர்த்தது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வெளியிட்ட கருத்தொருமிப்பில் 23 முதல் அதிக எடை என்றும், 25 முதல் உடற்பருமன் என்றும் வரையறுத்தனர்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் உலக அளவுகோலின்படி உடற்பருமன் உடையவராகக் கருதப்பட ஏறத்தாழ 77 கிலோ எடை இருக்க வேண்டும். இந்திய அளவுகோலின்படி 64 கிலோவே போதும். 59 கிலோவைத் தொட்டாலே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு பட்டியலில் இடம்பெறாமலும் மற்றொன்றில் இடம்பெற்றும் இருப்பது இவ்வாறுதான்.

உலகக் கணக்கு

2022ஆம் ஆண்டில் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் உடற்பருமனுடன் வாழ்ந்ததாக, 2024 மார்ச் மாதத்தில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. 1990இலிருந்து பெண்களிடையே உடற்பருமன் இருமடங்குக்கும், ஆண்களிடையே ஏறத்தாழ மும்மடங்குக்கும், சிறார்களிடையே நான்கு மடங்குக்கும் உயர்ந்துள்ளது. டோங்கா, அமெரிக்க சமோவா, நவுரு உள்ளிட்ட பசிபிக் தீவு நாடுகளில் வயது வந்தோரிடையே இது 60 விழுக்காட்டைத் தாண்டியது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வயது வந்தோரில் ஐவரில் இருவருக்கு உடற்பருமன் உண்டு.

அதே ஆய்வு, 30 என்ற எல்லையைக் கொண்டு, இந்தியப் பெண்களில் 1990இல் 1.2 விழுக்காடாக இருந்த உடற்பருமன் 2022இல் 9.8 விழுக்காடாகவும், ஆண்களில் 0.5 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகவும் உயர்ந்ததாகக் கூறுகிறது. அதாவது 4.4 கோடிப் பெண்கள், 2.6 கோடி ஆண்கள்.

ஒரே நாட்டில் வாழும் வெவ்வேறு சமூகங்களிடையிலும் வேறுபாடு பெரிது. சிங்கப்பூரில் 2010இல் நடைபெற்ற தேசிய உடல்நல ஆய்வில் மலாய் மக்களில் 24 விழுக்காடு, இந்தியரில் 16.9 விழுக்காடு, சீனரில் 7.9 விழுக்காடு என உடற்பருமன் பதிவானது. அமெரிக்காவின் 2017-18ஆம் ஆண்டுக் கணக்கில் கறுப்பின மக்களிடையே 49.6 விழுக்காடாக இருந்த அளவு, ஆசிய வம்சாவளியினரிடையே 17.4 விழுக்காடு மட்டுமே. எல்லோருக்கும் 30 என்ற ஒரே கோட்டை வரைந்ததால் கிடைத்த எண் இது. ஆசியர் பாதுகாப்பாக இருப்பதாக இதற்குப் பொருளில்லை.

மெலிந்த உடலில் மறைந்த கொழுப்பு

இதற்கான சான்று இந்திய ஆய்வுகளிலேயே உள்ளது. புணே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சி.எஸ். யாக்னிக், பிரித்தானிய மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடல் அளவுகளையே வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை குறியெண்ணும் 22.3தான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2 விழுக்காடு. எடைக்கருவியும் உயர அளவுகோலும் காட்டாத வேறுபாடு இது.

இப்போக்கு பிறப்பிலேயே தொடங்குவதைப் புணே ஆய்வுகள் காட்டின. அங்குள்ள ஊரகக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுடையது 3.5 கிலோ. எடையும் தசையும் குறைந்திருந்தபோதிலும், தோலடிக் கொழுப்பு அதே அளவுக்குக் குறையவில்லை.

விளைவைப் பெரிய அளவில் அளந்தது 2021இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு. வெள்ளையருக்கு உடல் நிறை குறியெண் 30இல் இருக்கும் நீரிழிவு அபாயம், தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது என அது கண்டறிந்தது.

இடுப்பளவு சொல்வது

ஆகவே வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பைத் தனியாக அளப்பது முதன்மை பெறுகிறது. இந்தியருக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடுப்புச் சுற்றளவின் எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில், அளவுநாடாவால் இதை வீட்டிலேயே அளக்கலாம்.

ஐந்தாவது குடும்பநல ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2023இல் வெளியான பகுப்பாய்வு, நாட்டில் 40 விழுக்காட்டுப் பெண்களுக்கும் 12 விழுக்காட்டு ஆண்களுக்கும் வயிற்றுப் பருமன் இருப்பதாகக் கூறியது. பெண்களிடையே கேரளம் 65.4 விழுக்காட்டுடன் முதலிடத்திலும், ஜார்க்கண்ட் 23.9 விழுக்காட்டுடன் கடைசியிலும் இருந்தன. தமிழ்நாட்டின் அளவு 57.9. கேரளத்தில் உடல் நிறை குறியெண் 38.1 விழுக்காட்டுப் பெண்களைச் சுட்டும் இடத்தில், அளவுநாடா 65.4 விழுக்காட்டினரைச் சுட்டுகிறது. எடைப் பரிசோதனையில் இயல்பானவர் எனச் சொல்லி அனுப்பப்படுவோரில் கணிசமானோர் இந்த இடைவெளியில் உள்ளனர்.

நோயாக மாறும்போது

சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வில், நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பது தெரியவந்தது. நீரிழிவில் கோவா (26.4), புதுச்சேரி (26.3), கேரளம் (25.5) ஆகியன முன்னிலையில் உள்ளன. உத்தரப் பிரதேசத்தின் அளவு 4.8. கல்வியறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் கேரளம், பருமனிலும் நீரிழிவிலும் முன்னிற்பது இந்த ஆய்வுகள் விட்டுச்செல்லும் முரண்.

நிறைய நேரம் அமர்ந்தே செய்யும் வேலை, தீட்டிய அரிசியை மையமாகக் கொண்ட உணவு, எண்ணெயில் பொரித்த பலகாரம், இனிப்பு, உறக்கக் குறைவு ஆகியன காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இந்தியாவில் வசதி கூடக் கூடப் பருமனும் கூடுகிறது. பல செல்வ நாடுகளில் நிலை தலைகீழாகி, வறியோரே அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

தீர்வு எளிதன்று என்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டமே சான்று. நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, நீரிழிவு அபாயம் கூடிய 1,007 பேரிடம் ஒரு தடுப்புத் திட்டம் சோதிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தினரே குழுக்களாகக் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்பது அதன் அடிப்படை. இரண்டாண்டு முடிவில், திட்டத்தில் சேர்ந்தோரில் 14.9 விழுக்காட்டினருக்கும் மற்றோரில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படும் அளவுக்கு இல்லை. ஆயினும் காய்கறி, பழம் உண்பது கூடியது. மதுப் பழக்கம் குறைந்தது.

உணவில் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்குமாறு பிரதமர் நரேந்திர மோடி 2025 பிப்ரவரியில் தமது வானொலி உரையில் கேட்டுக்கொண்டார். இதைப் பரப்ப அவர் முன்மொழிந்த பத்துப் பேரில் மலையாளத் திரைக்கலைஞர் மோகன்லாலும் ஒருவர்.

எடைக்கருவியில் ஏறி நிற்பதோடு நில்லாமல் இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்வதும், வரம்பு தாண்டியிருந்தால் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்வதும் செலவு குறைந்த முதற்படி. மெலிந்த தோற்றம் உடையோருக்கும் இது பொருந்தும்.