ஒடுங்காத புகை
1863 சனவரியில் இலண்டனில் திறக்கப்பட்ட மெற்றோபொலிற்றன் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைக்கு, மறு ஆண்டில் மான்செஸ்ரரின் பேயர் பீக்கொக் நிறுவனம் ‘ஏ’ வகுப்புத் தாங்கி இயந்திரங்களை வழங்கியது. வேலை முடித்த நீராவி புகைபோக்கியால் வெளியேறுவதே வழமை. சுரங்கத்தினுள் இவ்வியந்திரங்களோ அதனைத் தம் பக்கத் தாங்கிகளுக்குத் திருப்பி, அங்குள்ள நீரில் ஒடுக்கின. நீர் சூடேறியதும் ஒடுக்கும் ஆற்றல் குன்றும். எனவே அதனை அகற்றிக் குளிர்நீர் நிரப்பவேண்டியிருந்தது.

ஆயின், ஒடுங்கியது ஆவி மாத்திரமே. அடுப்பின் புகையைக் கூரையற்ற மேடையில் நின்ற சாரதியும் உதவியாளரும் நாள்தோறும் சுவாசித்தனர். 1897இல் அரசாங்கக் குழுவொன்று சுரங்கக் காற்றோட்டத்தை விசாரித்தபோது, அக்காற்று சுவாச நோயாளருக்கு நன்மையே எனக் கம்பனித் தரப்பிற் கூறப்பட்டமை வியப்புக்குரியது! 1905இல் மின்வண்டிகள் வந்தன. இவ்வகுப்பில் 23ஆம் இலக்க இயந்திரம் ஒன்றே இலண்டன் போக்குவரத்து நூதனசாலையில் எஞ்சியுள்ளது.