நின்ற பாவையும் நிறுத்திய விளையாட்டும்

பாலக்காட்டுத் தோற்பாவைக்கூத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் அதனைத் திரைப்படத்தின் மூதாதை என்று சொல்லியே தொடங்குகின்றனர். திரை உண்டு, ஒளி உண்டு, இருளில் அமர்ந்து காணும் அவை உண்டு. ஆதலால் அது சினிமாவின் பாட்டன் என்பது அவர்தம் முடிபு. எனக்கு இது உடன்பாடன்று. திரைப்படம் அசைவின் கலை. பாலக்காட்டுக் கூத்தோ பெரிதும் அசையாமையின் கலை. அதற்கு இன்று ஓர் உறவைத் தேடினால், இணையவழி வீடியோ கேம் ஆடுவோர் தம் பாத்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தி, ஒளி அமைத்து, ஒரு கதைத் தருணமாகப் பிடிக்கும் ஸ்கிரீன்ஷாட்டே நெருங்கிய உறவாகும். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். பாரதப்புழையை ஒட்டிய ஊர்களின் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்னும் நிலையான கட்டடம் இருக்கும். முழு அளவிலான மாடத்தின் நீளம் ஏறத்தாழ 42 அடி. திரையின் மேற்பகுதி வெண்துணி; கீழ்ப்பகுதி கருந்துணி. பின்னால் தேங்காய் முறிகளில் எண்ணெய் வார்த்து ஏற்றிய 21 விளக்குகள் வரிசையாக எரியும். இராவண வதம் நிகழ்ந்தபோது பத்திரகாளி தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்தமையால் அதனைக் காண இயலவில்லை. அவள் காண்பதற்கே இக்கூத்து என்பது கோயில் மரபு. பாடப்படுவது கம்பன் பாட்டு. பாடும் புலவர்கள் வீட்டில் பேசுவது மலையாளம். தமிழ்ச் செய்யுளை மலையாள எழுத்தில் எழுதிவைத்து மனனம் செய்தவர்கள். நம் இலக்கிய வரலாறுகள் இவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இனிப் பாவைகளுக்கு வருவோம். முழுக்கதையை நிகழ்த்த 160 அளவில் பாவைகள் வேண்டும். பாத்திரங்களோ அதில் பாதியளவே. மிகுதி எதற்கு? இராமன் ஒருவனுக்கே இருக்கும் பாவை, நிற்கும் பாவை, நடக்கும் பாவை, போரிடும் பாவை எனப் பல உண்டு. உளியால் ஒருமுறை செதுக்கிய முகம் பிறகு மாறாது. பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கை மட்டுமே அசையும். எனவே மனநிலை மாறும்போது புலவர் பாவையையே மாற்றுகிறார். சினமும் துயரும் முகத்தில் இல்லை. எந்தப் பாவை, எத்திசை நோக்கி, எவ்வளவு இடைவெளி விட்டு, எவ்வளவு சாய்த்து நிறுத்தப்பட்டது என்பதில் இருக்கின்றன.

நிறுத்துவது முள்ளால். அமர்ந்த இராமனையும் எதிரே நிற்கும் வீடணனையும் திரைத்துணியில் முள் குத்திப் பொருத்திவிட்டால், அந்தக் காட்சி நெடுநேரம் அப்படியே நிற்கும். பின்னால் புலவர்கள் செய்யுளுக்குப் பொருள் விரித்து, வினா எழுப்பி, விடை சொல்லி, கிளைக்கதைகளுக்குள் போய் மீள்வர். அசைவதெல்லாம் விளக்குச் சுடர் மட்டுமே. அந்தச் சிறு நடுக்கத்தில் தோலுருவம் மூச்சுவிடுவது போலிருக்கும். பாவையைத் துணியோடு ஒட்டினால் விளிம்பு கூர்மையாகும். விளக்கை நோக்கிப் பின்னிழுத்தால் நிழல் பெருத்து மங்கும். தமிழ்நாட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள் நடத்தும் பாவைக்கூத்து வேறு வகை: ஒளி ஊடுருவும் வண்ணத்தோல், விரைந்த ஆட்டம், நகைச்சுவை. சினிமாவின் பாட்டனைத் தேடுவோர் அங்குச் செல்லலாம்.

இப்போது விளையாட்டைப் பாருங்கள். 2004இல் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ 4இல் போட்டோ மோட் இருந்தது. அங்கே படம் பிடிக்கப்பட்டவை கார்கள். பின்னர் வந்த விளையாட்டுகளில் மனித உருவங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. தனியே ஆடும் விளையாட்டில் உலகம் முழுவதையும் நிறுத்திவிடலாம். பலர் சேர்ந்து ஆடும் இணைய உலகில் அது இயலாது, பிறர் ஓடிக்கொண்டேயிருப்பர். ஃபைனல் ஃபேண்டசி 14இல் உள்ள குரூப் போஸ் இதற்குக் கண்ட வழி நயமானது: படம் பிடிப்பவரின் திரையில் மட்டும் அசைவு நிற்கும். அதன்பின் அவர் செய்வது கூத்துமாடத்துப் புலவரின் வேலையே. எந்த நிலை, யார் யாரை நோக்குவது, நடுவே எவ்வளவு வெற்றிடம், ஒளி எப்பக்கம், பின்னணி எவ்வளவு மங்கல். விளையாட்டுப் பாத்திரத்தின் முகபாவங்களும் ஒரு பட்டியலுக்குள் அடங்கியவையே. எஞ்சியதை உடலின் நிலையும் இடைவெளியும் சொல்ல வேண்டும்.

வேறுபாடும் உண்டு, அதுவே என் கவலைக்குக் காரணம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவுடன் வேலை முடிகிறது. கூத்தில் உருவம் நின்ற பிறகுதான் வேலை தொடங்குகிறது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட ஆய்வுநூலில் இக்கூத்தின் காலியான அவையை விரிவாக விவாதித்தார்: எதிரே ஆளில்லாத இரவுகளிலும் புலவர்கள் தம்முள் உரையாடிக்கொண்டே இருந்தனர். நின்ற உருவம் அவர்களுக்கு ஏடு போல. அதைப் பார்த்தே உரை வளர்ந்தது.

கோயிலுக்கு வெளியே இக்கலை வாழ வழி செய்தவர் கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000). அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இவர்கள் இல்லையேல் பேசுவதற்கே பொருள் இராது. ஆயினும் 21 இரவுக் கதையை ஒரு மணிநேர மேடைக்குச் சுருக்கும்போது எது வெட்டப்படும்? மாயமானின் துள்ளல் நிற்கும், போர் நிற்கும். வீடணன் அடைக்கலம் கேட்டு நிற்க, அவனை ஏற்கலாமா என்று பிறர் வாதிடும் நெடிய பகுதி போய்விடும்; அதனோடு அப்பகுதிச் செய்யுள்களும், அவற்றின் வாய்மொழி உரையும். இருக்கும் பாவைகள் பெட்டியில் உறங்கும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் மான்தோலுக்கு மாற்றாக ஆட்டுத்தோலில் புதிய பாவைகள் செய்யப்படுகின்றன. பழைய தொகுதியில் எவற்றை முதலில் புதிதாகச் செதுக்குவது என்பது வெறும் கைவினைக் கேள்வியன்று.

கூத்துக்காலம் சனவரி முதல் மே வரை. பாலக்காட்டு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். செல்பேசியில் போர்க்காட்சியை வீடியோ எடுப்பதோடு திரும்பிவிடாமல், நள்ளிரவுக்குப் பின்னும் இருந்து, முள்குத்தி நிறுத்திய காட்சிகளை ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். எந்தப் பாட்டின்போது எந்தப் பாவை, எப்பக்கம் நோக்கி நின்றது என்பதையும் புலவரிடம் கேட்டு உடன் குறித்துவையுங்கள். கேம் ஆடும் தம்பி தங்கையரையும் அழைத்துச் செல்லுங்கள். சட்டகம் பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு நம்மினும் மிகுதி.