கரும்பலகையிலிருந்து கணினிக்கு... ஒரு குட்டி வரலாறு



பி.காம். படிக்கிறோம் என்று சொன்னதும் அடுத்த கேள்வி, "எக்செல் தெரியுமா?" என்பதுதான். புள்ளியியல் பக்கம் போனால் 'ஆர்', பொறியியல் பக்கம் போனால் 'மேட்லேப்'. இதெல்லாம் பெரிய கம்பெனிகள் விற்பதற்கென்றே உட்கார்ந்து யோசித்துச் செய்தவை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் மூன்றின் கதையும் வகுப்பறையில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் நம்ம துறை. 1978-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. மாணவராக இருந்தவர் டான் பிரிக்லின். அங்கே கணக்கு அட்டவணையைக் கரும்பலகையில் போடுவார்கள். அதில் ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். "இதைக் கணினியே செய்தால் என்ன?" என்று அவர் யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன் நிரல் எழுத, 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு 'விசிகால்க்' வந்தது. 1983-ல் லோட்டஸ் 1-2-3, 1985-ல் எக்செல் எல்லாம் அதே வழியில் வந்தவைதான்.

அதே காலத்தில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் கிளீவ் மோலருக்கு வேறொரு கவலை. அணிக் கணக்குகளுக்கு லின்பேக், ஐஸ்பேக் என்று நல்ல நிரல் தொகுப்புகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பயன்படுத்த ஃபோர்ட்ரான் நிரல் எழுதத் தெரிய வேண்டும். ஒரு சின்னக் கணக்குக்காக மாணவர்கள் ஏன் இவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்று அவர் எழுதியதுதான் முதல் மேட்லேப். கட்டளையைத் தட்டினால் உடனே விடை! அதில் அணி என்ற ஒரே ஒரு தரவு வகைதான் இருந்தது. 1984-ல் ஜாக் லிட்டில், ஸ்டீவ் பாங்கர்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 'மேத்வொர்க்ஸ்' நிறுவனத்தைத் தொடங்க, வகுப்புக்காக எழுதியது விற்பனைப் பொருளானது.

மூன்றாவது கதை நியூசிலாந்தில். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு ஆசிரியர்கள், புள்ளியியல் கற்பிக்கத் தோதான மென்பொருள் இல்லையே என்று 1990-களின் தொடக்கத்தில் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-ல் பிறந்த 'எஸ்' மொழிதான் அதற்கு முன்மாதிரி. இருவர் பெயரும் 'ஆர்' என்று தொடங்குவதால் மொழியின் பெயரும் 'ஆர்'! 1995-ல் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். அதனால்தான் இன்றும் நாம் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்கிறோம்.

சரி, கணக்கு போட்டாயிற்று. அறிக்கை? விடையை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டுவதுதான் வழக்கம். ஒட்டியபிறகு தரவு மாறினால் அறிக்கையில் பழைய எண்ணே நிற்கும். 2002-ல் ஃபிரீட்ரிக் லைஷ் 'ஸ்வீவ்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். எழுத்தும் கணக்கீட்டுக் கட்டளையும் ஒரே கோப்பில் இருக்கும். ஓட்டினால் எண்ணும் வரைபடமும் தானாக அறிக்கையில் வந்து உட்காரும். 2012 வாக்கில் யீஹுவி ஷியே அதை எளிதாக்கி 'நிட்டர்' செய்தார். அப்போது அவரும் ஒரு ஆராய்ச்சி மாணவர்தான்.

"இதெல்லாம் அவ்வளவு முக்கியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம்.

2010-ல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வளர்ந்த நாடுகளில் அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டும்போது சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என்றது அது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய ஐரோப்பிய, அமெரிக்க அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். செலவைக் குறைப்பது என்றால் யாரோ ஒருவரின் வேலை, யாரோ ஒருவரின் ஓய்வூதியம்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் 20 நாடுகளில் 15 தான் இருந்தன! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விட்டுப்போயிருந்தன. இது மட்டுமல்ல, சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காததும், சராசரிக்கு எடை கொடுத்த விதமும்தான் விடையை அதிகம் மாற்றியிருந்தன. தன் பேராசிரியர்கள் இருவரோடு 2013-ல் அவர் வெளியிட்ட கணக்கில் அந்த -0.1 என்பது 2.2 ஆனது. எக்செல் பிழையை ஒப்புக்கொண்ட அறிஞர்கள், கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற கருத்து மாறவில்லை என்றார்கள். அந்த விவாதம் தனிக் கதை.

இதற்காக எக்செல்லைத் திட்ட வேண்டியதில்லை. கோப்பு கைக்கு வந்ததால்தான் பிழையே தெரிந்தது. ஆனால் எக்செல்லில் கண்ணுக்குத் தெரிவது விடை, சூத்திரம் அதன் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஆர் போன்றவற்றில் எழுதிய கட்டளையே வரிசையாகக் கண்முன் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

தணிக்கைப் பாடத்தில் நாம் என்ன படிக்கிறோம்? ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வவுச்சர் வேண்டும் என்றுதானே? ஒரு அறிக்கையில் இருக்கும் எண்ணுக்கு அந்தக் கட்டளைதான் வவுச்சர். எந்த மென்பொருளைக் கற்றாலும் சரி, நண்பர்களே, வவுச்சர் இல்லாமல் எண்ணை எழுதாதீர்கள். பெரியவர்கள் எழுதிய எண்ணாக இருந்தாலும் வவுச்சரைக் கேட்கத் தயங்காதீர்கள். ஒரு மாணவர் கேட்டதால்தான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது :)