ஒயின் வியாபாரக் குடும்பம் உலகுக்குத் தந்த கொடை: லண்டன் லிஸ்டர்களின் கதை

நம்மில் பலர் வீட்டுக் குளியலறை அலமாரியில் லிஸ்டரின் பாட்டில் ஒன்று நிற்கும். அந்தப் பெயர் ஒரு மனிதரைக் குறிப்பது. 1879-இல் அமெரிக்காவில் அந்தத் திரவத்தை உருவாக்கியவர்கள், இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் புகழை நினைத்து அப்படிப் பெயரிட்டார்கள். அவருக்கும் அந்த வியாபாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வியாபாரம் அவருக்குப் புதிதல்ல. அவருடைய குடும்பமே வியாபாரக் குடும்பம்தான்.

கடையும் கண்ணாடியும்

லிஸ்டர் குடும்பத்தார் குவேக்கர்கள். ஆடம்பரம் இல்லாத வாழ்க்கை, நாணயமான வணிகம் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்ற கிறிஸ்தவப் பிரிவினர். அரசுத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திட அவர்கள் மறுத்ததால், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெறும் வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. அதனால் அந்தச் சமூகத்தின் அறிவும் உழைப்பும் வணிகம், வங்கி, மருத்துவம் என்ற வழிகளில் போயின. லிஸ்டரின் கொள்ளுத்தாத்தா லண்டனில் புகையிலை விற்றார். தாத்தா கடிகாரத் தொழில் பழகியவர். பிறகு மாமனாரின் ஒயின் வியாபாரத்துக்கு வந்தார்.

தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் (1786–1869) 14 வயதில் பள்ளியை விட்டுக் கடையில் உட்கார்ந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காத அவர், கடை வேலை போக மிஞ்சிய நேரத்தை நுண்ணோக்கிக்குக் கொடுத்தார். அந்தக் காலத்து நுண்ணோக்கியில் எதைப் பார்த்தாலும் ஓரங்களில் வானவில் நிறங்கள் படியும், உருவம் கலங்கித் தெரியும். பார்த்தவர்கள் சொல்வதை மற்றவர்கள் நம்பவில்லை. கருவி காட்டும் மாயம் என்று தள்ளிவிட்டார்கள். ஒரு வில்லையின் குறையை இன்னொன்று சரிசெய்யும்படி இரண்டையும் எந்த இடைவெளியில் பொருத்த வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். 1830-இல் வெளியான அந்தக் கட்டுரைதான் நவீன நுண்ணோக்கிக்கு அடித்தளம். 1832-இல் இந்த ஒயின் வியாபாரி ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

அதற்கு முன்பே, 1827-இல், தாமஸ் ஹாட்கின் என்ற மருத்துவருடன் சேர்ந்து இரத்தத்தை ஆராய்ந்திருந்தார். ஹாட்கினும் குவேக்கர்தான், 'ஹாட்கின் லிம்ஃபோமா' என்ற நோய்ப் பெயரில் இருப்பவர் அவரே. சிவப்பணுக்கள் உருண்டைகள் என்று பலர் நம்பிய காலம் அது. அவை இரு பக்கமும் நடுவில் குழிந்த வட்டுகள் என்று இவர்கள் காட்டினார்கள். அதே 1827, ஏப்ரல் 5 அன்று மகன் ஜோசப் பிறந்தார்.

வலி போனது, சாவு போகவில்லை

மகன் படித்தது எந்த மதத்தினரையும் சேர்த்துக்கொண்ட லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில். அவர் மாணவராக இருந்த 1846-இல்தான் ஈதர் மயக்க மருந்து இங்கிலாந்துக்கு வந்தது. வலி தெரியாததால் அறுவை சிகிச்சைகள் கூடின. ஆனால் காயத்தில் சீழ் பிடித்து இறப்பது நிற்கவில்லை. மருத்துவர்கள் இரத்தக்கறை காய்ந்து விறைத்த பழைய கோட்டோடு அறுவை செய்வார்கள். அந்தக் கறை அனுபவத்தின் அடையாளம்! ஒரே கருவியும் கழுவாத கையும் நோயாளிக்கு நோயாளி போகும். காற்றில் உள்ள கெட்ட ஆவிதான் காரணம் என்று சொல்லி, ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்.

1860-இல் லிஸ்டர் கிளாஸ்கோவில் பேராசிரியர் ஆனார். 1865 வாக்கில் லூயி பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்தார். ஒயினும் பாலும் கெடுவதற்குக் காற்று காரணமல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்றார் பாஸ்டர். பல மருத்துவர்களுக்கு அது நம்ப முடியாத கதை. அப்பாவின் நுண்ணோக்கியோடு வளர்ந்தவருக்கு அப்படித் தோன்றவில்லை. ஒயினைக் கெடுப்பதுதான் காயத்தையும் கெடுக்கிறது என்று அவர் நினைத்தார்.

அப்போது கார்லைல் நகரில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றினார்கள். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் பொருள் அது. லிஸ்டர் அதை வரவழைத்தார். 1865 ஆகஸ்ட் 12 அன்று, ஜேம்ஸ் க்ரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனை வண்டிச் சக்கரம் ஏறிய காலோடு கொண்டுவந்தார்கள். எலும்பு முறிந்து, தோலும் கிழிந்த காயம். அந்தக் காலத்தில் இப்படி வந்தால் பெரும்பாலும் காலை எடுத்துவிடுவார்கள்; இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. சிறுவன் தன் இரண்டு கால்களோடு வீடு திரும்பினான்.

கணக்கு எழுதும் குடும்பத்தில் பிறந்தவர் கணக்கையே சாட்சியாக வைத்தார். புதிய முறைக்கு முன், 1864, 1866 ஆகிய இரண்டு ஆண்டுகளில், அவருடைய வார்டில் கை கால் அகற்றப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். பின், 1867 முதல் 1869 வரை, 40 பேரில் 6 பேர்.

உடனே ஒப்புக்கொண்டார்களா?

இல்லை. வியன்னாவில் 1847-இலேயே கை கழுவச் சொன்ன செம்மல்வைஸை ஒதுக்கித் தள்ளிய தொழில் அது. 'எங்கே உங்கள் கிருமி? காட்டுங்கள்' என்ற கேலி லிஸ்டரையும் விடவில்லை. 1871-இல் விக்டோரியா அரசியின் அக்குளில் வந்த கட்டியைக் கீறி ஆற்றியவர் அவர்தான். இருந்தும் லண்டன் மருத்துவர்கள் மனம் மாறப் பல ஆண்டுகள் ஆயின. அவரும் பிடிவாதக்காரர் அல்ல. காற்றில் கார்பாலிக் அமிலத்தைத் தெளிக்கும் தன் முறை தேவையற்றது என்று தெரிந்ததும், தானே அதைக் கைவிட்டார்.

மனைவி ஆக்னஸ், எடின்பரோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமின் மகள். இந்தத் திருமணத்தையொட்டி லிஸ்டர் குவேக்கர் சபையை விட்டு விலகினார். கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாக எழுதியவர் ஆக்னஸ். அவர்களுக்குக் குழந்தை இல்லை. 1897-இல் கிடைத்த பிரபு பட்டம் 1912-இல் அவரோடு முடிந்தது. பெருமக்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம் வேண்டாம் என்று, மனைவிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார்.

குடும்பத்தின் தேடல் மட்டும் அவரோடு முடியவில்லை. ஒயின் தொழிலில் இருந்த தம்பி ஆர்தர், தாவர ஆய்வாளராகவும் பெயர் பெற்றார். அவர் மகள் குலியெல்மா பூஞ்சை ஆய்வில் புகழ் பெற்றார். அக்கா மகன் ரிக்மன் காட்லீ 1884-இல் மூளைக்குள் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார். நோயாளி சுமார் நான்கு வாரம் உயிரோடு இருந்தார்; பிறகு கிருமித் தொற்று அவரைக் கொண்டுபோனது. மாமா தொடங்கிய சண்டை முடியவில்லை என்று மருமகனுக்கு அந்த மரணம் சொல்லியிருக்கும்.

படிக்க இடம் கிடைக்காத ஒரு குடும்பம், கடையில் சம்பாதித்த பணத்தையும் நேரத்தையும் ஒரு கண்ணாடி வில்லையில் போட்டது. அதற்கான வட்டியை உலகம் இன்றும் அனுபவிக்கிறது. நம் மாடிப்படியைத் துடைக்கும் கறுப்பு பினாயிலும் அதே நிலக்கரித் தார் வம்சம்தான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆகும் செலவு பற்றிச் சங்கக் கூட்டத்தில் 'பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது?' என்று யாராவது கேட்டால், கிளாஸ்கோவின் அந்த 35 பேர் கணக்கைச் சொல்லுங்கள். பார்க்கச் சுத்தமாக இருப்பதும் சுத்தமாக இருப்பதும் வேறு வேறு என்று நமக்குக் காட்ட, அந்த 16 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.