பாதியும் மூன்றிலொன்றும்: பிரம்மகுப்தரின் குழிக்கணக்கு

ஆரியபடர் கி.பி. 499இல் இயற்றிய ஆரியபடீயம், முக்கோண அடி கொண்ட கூம்பகத்தின் கன அளவு அடிப்பரப்பு, உயரம் ஆகியவற்றின் பெருக்கலில் பாதி என்கிறது. சரியான விடை மூன்றிலொன்று. செய்யுளுக்கு வேறு பொருள் கண்டு அதைச் சரியென நிறுவ முயன்றோரும் உளர். ஆனால் 629இல் உரையெழுதிய முதலாம் பாஸ்கரர் பாதி என்றே கொண்டார். அதே செய்யுளின் முற்பகுதி முக்கோணப் பரப்பைக் கூறுவதால், தளத்துக்குரிய பாதி திண்மத்துக்கும் நீண்டுவிட்டது என்பது வழக்கமான விளக்கம். அந்தப் பாதிக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். அம்முகம் புலப்படுவது குழிக்கணக்கில்.

அவ்வுரைக்கு ஓராண்டு முன்பே, 628இல், பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தின் 12ஆம் அத்தியாயத்தில் மூன்றிலொன்று என்னும் விதியைத் தந்துவிட்டார். அவர் அதை வைத்த இடம் நிலம் தோண்டும் கணக்கு. கூர்ந்து முடியும் வடிவுக்கு அங்கே 'ஊசி' என்று பெயர்.

தோண்டிய நிலத்தில் ஆழம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. பிரம்மகுப்தரின் உரைகாரர் பிருதூதகசுவாமி காட்டும் குளத்தின் நீளம் 30 முழம், அகலம் 8 முழம். நீளவாக்கில் 4, 5, 6, 7, 8 முழப் பகுதிகளாகப் பிரிந்த அதன் ஆழங்கள் முறையே 9, 7, 7, 3, 2. ஒவ்வொரு நீளத்தையும் அதன் ஆழத்தால் பெருக்கிக் கூட்டினால் 150. அதை 30ஆல் வகுத்தால் சம ஆழம் 5 முழம். கன அளவு 1200 கன முழம். அகலம் மாறாததால் இங்கே சராசரி பிழைபடவில்லை.

சரிந்த சுவருள்ள குழியில் நிலைமை வேறு. வாய் 10 முழச் சதுரம், அடி 6 முழச் சதுரம், ஆழம் 30 முழம் எனக் கொள்வோம். பக்கங்களின் சராசரி 8. அதன்படி கன அளவு 1920. பரப்புகளின் சராசரி 68, அதன்படி 2040. முன்னது குறைவு, பின்னது மிகை. இரண்டின் வேறுபாட்டில் மூன்றிலொன்றை முன்னதோடு கூட்டச் சொல்கிறார் பிரம்மகுப்தர்: 1960. இடைக்கண்டத்துக்கு இன்று நாம் பயன்படுத்தும் சூத்திரமும் இதே விடையைத் தரும்.

இனி, அடிச்சதுரம் சுருங்கிச் சுழியாகட்டும். பக்கச் சராசரி வாய்ப்பரப்பு, ஆழம் ஆகியவற்றின் பெருக்கலில் கால் பங்கைத் தரும். பரப்புச் சராசரி பாதியைத் தரும். திருத்திய விதி மூன்றிலொன்றைத் தரும். அந்தப் பாதிதான் ஆரியபடரின் பாதி. அதாவது, அவருடைய விதியை அடிப்பரப்புக்கும் சுழிக்கும் எடுத்த சராசரியாகவும் வாசிக்கலாம். பிரம்மகுப்தரிடம் அதே சராசரி தூல மதிப்பாக இறங்கி, நுண்மதிப்பை எட்டும் படியாகிறது.

இந்த உறவைப் பிரம்மகுப்தர் சொல்லவில்லை; விதிக்கு நிறுவலும் தரவில்லை. ஆகவே ஆரியபடரைத் திருத்தவே இவ்விதி பிறந்தது என்று முடிவுகட்ட இயலாது. எனினும் எங்கே சராசரி செல்லும், எங்கே செல்லாது என்ற எல்லை இங்கே தெளிவாக வகுக்கப்படுகிறது. 1150இல் லீலாவதி என்னும் கணித நூல் இரு மதிப்பீடுகளையும் விட்டு நேரே செல்கிறது. வாய் 12க்கு 10, அடி 6க்கு 5, ஆழம் 7 எனில், வாய்ப்பரப்பு 120, அடிப்பரப்பு 30, பக்கங்களின் கூட்டுத்தொகைகளைப் பெருக்கிய 270 ஆகியவற்றைக் கூட்டி, 6ஆல் வகுத்து, ஆழத்தால் பெருக்கினால் 490. விடைக்கு இது குறுக்குவழி. பாதி எவ்வாறு மூன்றிலொன்றாயிற்று என்பதைக் காண, பிரம்மகுப்தரின் நீண்ட வழிக்கே திரும்ப வேண்டும்.