கள்ளக்குறிச்சியும் மதுவிலக்கு அதிகாரமும்: கூட்டாட்சியின் சட்டச் சிக்கல்கள் (1937–2024)

ஆய்வுச் சுருக்கம்

மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்குரியதா, மாநிலத்துக்குரியதா என்னும் வினா 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து இன்றுவரை நீதிமன்றங்களில் தொடர்ந்து எழுந்துள்ளது. சேலம் மாவட்ட மதுவிலக்கில் தொடங்கி 2024ஆம் ஆண்டின் கள்ளக்குறிச்சி நச்சுச் சாராயச் சாவுகள் வரையிலான காலத்தில் அவ்வினா பெற்ற விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நச்சுச் சாராயத்தைத் தடுக்கும் அதிகாரம் எக்கட்டத்திலும் மாநிலத்தின் கையைவிட்டு முற்றாக நீங்கியதில்லை என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: கல்வராயன் மலை, மதுவிலக்கு, கூட்டாட்சி நீதிமன்றம், ஏழாவது அட்டவணை, எரிசாராயம்.

முன்னுரை

1937 அக்டோபர் 1 அன்று, இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. அதே நாளில் சர் மாரிஸ் குவையர் இந்தியக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்றார். இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும், மாகாணம் தன் அதிகாரத்தை எவ்வளவு தூரம் செலுத்தலாம் என்பதை வரையறுக்கும் பொறுப்பு பின்னர் அந்நீதிமன்றத்தையே சார்ந்தது.

கல்வராயன் மலைக்கு இந்நாள் வேறொரு வகையிலும் முக்கியமானது. அம்மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தின் ஆத்தூர் வட்டத்தையும், மறுபகுதி தென்னார்க்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி வட்டத்தையும் சார்ந்திருந்தது. மதுவிலக்கு பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு ஆகிய மாவட்டங்களுக்கு விரிந்தபோதும் தென்னார்க்காடு அவ்வட்டத்திற்கு வெளியிலேயே நின்றது. எனவே, சட்டத்தின் எல்லைக்கோடு மலையின் ஊடாகவே சென்றது. சேலத்துப் பக்கம் குற்றமாகிவிட்ட மது விற்பனை, கள்ளக்குறிச்சிப் பக்கம் உரிமம் பெற்ற தொழிலாக நீடித்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய மலையாளிப் பழங்குடித் தலைவர்களின் ஜாகிர்களாக விளங்கிய மலைப்பகுதியில் இக்கோடு காகிதத்தில் இருந்த அளவுக்குத் தரையில் இருந்திருக்க இயலாது.

அதிகாரப் பட்டியல்கள்

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, சட்டமியற்றும் அதிகாரத்தைக் கூட்டாட்சிப் பட்டியல் (59 பதிவுகள்), மாகாணப் பட்டியல் (54 பதிவுகள்), பொதுப் பட்டியல் (36 பதிவுகள்) என மூன்றாகப் பகுத்தது. சமஸ்தானங்கள் இணைய முன்வராமையால் அச்சட்டம் கருதிய கூட்டாட்சி முழுமையாக உருப்பெறவில்லை. எனினும் பட்டியல்களும் நீதிமன்றமும் செயல்பட்டன.

மாகாணப் பட்டியலின் 31ஆம் பதிவு, போதை தரும் மதுவகைகளின் உற்பத்தி, உடைமை, போக்குவரத்து, வாங்குதல், விற்றல் ஆகியவற்றை மாகாணத்துக்கு அளித்தது. ஆனால், நஞ்சுகளைப் பொறுத்தவரை அப்பதிவு பொதுப் பட்டியலுக்கு உட்பட்டது. மது, நஞ்சு என்னும் இப்பாகுபாடு அன்று பெரிதாகக் கருதப்படவில்லை. அதன் முழுப்பொருளை 87 ஆண்டுகளுக்குப் பின் கள்ளக்குறிச்சி உணர்த்தியது.

மது விலக்கும் விற்பனை வரியும்

மதுவின் மீதான ஆயத்தீர்வை மாகாணத்தின் முதன்மை வருவாய்களுள் ஒன்று. மதுவிலக்கால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யச் சென்னை அரசு 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி இதுவே. விற்பனை வரி மாகாணத்துக்கும், மது முதலிய சில பொருள்கள் நீங்கலாகப் பிற பொருள்களின் மீதான உற்பத்தித் தீர்வை மத்திய அரசுக்கும் உரியவை. அவ்வாறாயின், உற்பத்தியாளரே செய்யும் முதல் விற்பனையின் மீது விதிக்கப்படும் வரி எத்தகையது?

கடலை எண்ணெயும் பிண்ணாக்கும் உற்பத்தி செய்த போட்டு பைதண்ணா நிறுவனத்தின் வழக்கில் இவ்வினா எழுந்தது. முதல் விற்பனையின் மீதான வரி உண்மையில் உற்பத்தித் தீர்வையே என்பது நிறுவனத்தின் வாதம். 1942இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உற்பத்தித் தீர்வை பொருள் உருவாக்கப்படுவதைப் பற்றியது; விற்பனை வரி அது விற்கப்படுவதைப் பற்றியது. இரண்டும் நடைமுறையில் ஒரே ஆளிடம் வந்து சேரலாமேயன்றிச் சட்டத்தில் ஒன்றாகா என அது விளக்கியது. இதே வரியை எதிர்த்து மத்திய அரசே சென்னை மாகாணத்தின் மீது வழக்குத் தொடுத்தபோதும், 1945இல் பிரிவி கவுன்சில் மாகாணத்தின் பக்கமே நின்றது. மாகாண நிதித் தன்னுரிமையின் வரலாற்றில் முக்கிய இடம்பெறும் இத்தீர்ப்புகளின் தோற்றுவாய் சேலம் மாவட்ட மதுவிலக்கு என்பது பெரிதும் கவனிக்கப்படாத செய்தி.

மதுவைத் தடைசெய்யும் அதிகாரமும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. பீகாரிலிருந்து வந்த போலா பிரசாத் வழக்கில் (1942), 31ஆம் பதிவு ஒழுங்குபடுத்தலோடு முழுத் தடையையும் உள்ளடக்கும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடியரசின் தொடக்கம்

போர்க்காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுமைக்கும் உரியதாயிற்று. கல்வராயன் மலையைப் பிரித்த மதுவிலக்கு எல்லை அதனுடன் மறைந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் பழைய 31ஆம் பதிவை மாநிலப் பட்டியலின் 8ஆம் பதிவாக ஏற்றது. 47ஆம் உறுப்பு மதுவிலக்கை அரசின் நெறிமுறைக் கோட்பாடாக்கியது. நஞ்சுகள் பொதுப் பட்டியலின் 19ஆம் பதிவில் தொடர்ந்தன.

பால்சாரா வழக்கில் (1951) உச்ச நீதிமன்றம், ‘மது’ என்னும் சொல் ஆல்கஹால் கலந்த நீர்மங்கள் அனைத்தையும் தழுவக்கூடியது எனக் கொண்டது. ஆல்கஹால் கலந்த மருந்து, ஒப்பனைப் பொருள்களின் பயன்பாட்டைத் தடுத்த விதிகளை அது நீக்கியது உண்மையே. ஆனால், அதற்குக் காரணம் அடிப்படை உரிமை மீறலே; மாநிலத்தின் சட்டமியற்றும் தகுதிக் குறைவு அன்று.

குறுகலும் விரிவும்

1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்திற்குப் பின் நிலைமை சிக்கலாயிற்று. எரிசாராயம் மதுவுக்கும் மூலப்பொருள், வேதித்தொழிலுக்கும் மூலப்பொருள். சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் வழக்கில் (1989) ஏழு நீதிபதிகள் அமர்வு, 8ஆம் பதிவு குடிப்பதற்குரிய மதுவையே குறிக்கும் என்றும், தொழிற்சாலை ஆல்கஹால் மாநிலத்தின் வரி எல்லைக்குப் புறம்பானது என்றும் முடிவு செய்தது. ஆயினும், தொழிற்சாலை ஆல்கஹால் குடிமதுவாகத் திருப்பிவிடப்படாமல் தடுக்கும் அதிகாரத்தை அத்தீர்ப்பும் மாநிலத்திடமே விட்டுவைத்தது. மத்திய அரசின் பக்கம் மிகவும் சாய்ந்த தீர்ப்பிலேயே இவ்விதிவிலக்கு இடம்பெற்றதை மறத்தலாகாது.

2024 அக்டோபர் 23 அன்று, ஒன்பது நீதிபதிகள் அமர்வு, லால்தா பிரசாத் வைஷ் வழக்கில் எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பை விலக்கியது. உடல்நலத்துக்குக் கேடு விளைக்கும் வகையில் பயன்படுத்தப்படக்கூடிய தொழிற்சாலை ஆல்கஹாலும் 8ஆம் பதிவுக்குள் அடங்கும் என்பது பெரும்பான்மையின் முடிவு. நீதிபதி பி.வி. நாகரத்னா மாறுபட்டார்.

கள்ளக்குறிச்சி, 2024

அத்தீர்ப்புக்கு நான்கு மாதங்களுக்கு முன், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தியோரில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் தொழிற்சாலைப் பொருள், குடிமது அன்று. ஆகவே, 8ஆம் பதிவு பற்றிய சர்ச்சையைக் காட்டி மாநிலத்துக்கு அதிகாரம் இல்லாதிருந்தது எனக் கருத இடமுண்டா? இல்லை. சென்னை மதுவிலக்குச் சட்டத்தின்கீழ், மெத்தில் ஆல்கஹாலையும் உள்ளடக்கிய விதிகள் 1959 முதலே தமிழ்நாட்டில் உள்ளன. நஞ்சுகள் பொதுப் பட்டியலிலும், பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலிலும் இருக்கின்றன. சட்டமன்றம் அம்மாத இறுதியிலேயே திருத்தச் சட்டத்தை நிறைவேற்றித் தண்டனையைக் கடுமையாக்கியது. சட்டமியற்றும் தகுதி ஏற்கெனவே இருந்ததை அவ்விரைவே காட்டுகிறது.

அதிகார எல்லை பற்றிய வினா புலனாய்வில் மீண்டும் தலைகாட்டியது. மத்தியப் புலனாய்வுத் துறைக்கு அளித்திருந்த பொது ஒப்புதலைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றிருந்தது. எனினும், 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை அத்துறைக்கு மாற்றியது. மாநிலத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. மாநில ஒப்புதல் இன்றியும் அரசமைப்பு நீதிமன்றங்கள் இவ்வாறு ஆணையிடலாம் என்பது 2010இல் மேற்கு வங்க வழக்கிலேயே நிலைநாட்டப்பட்ட நெறி. அதிகாரம் மாநிலத்திடம் இருப்பது, அதன் செயற்பாட்டை நீதிமன்றம் ஆராய்வதற்குத் தடையாகாது.

இச்சாவுகளைத் தொடர்ந்து உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், கல்வி ஆகியவை அதில் வினாக்களாயின. சாராயத்தில் தொடங்கிய விசாரணை வாழ்வாதாரத்தில் வந்து நின்றது பொருள் பொதிந்தது.

முடிவுரை

சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரையிலான இவ்வரலாற்றில், மதுவைத் தடுக்கும் அதிகாரத்தைப் பொறுத்தவரை நீதிமன்றங்கள் பெரும்பாலும் மாகாணத்தின், பின்னர் மாநிலத்தின் பக்கமே நின்றுள்ளன. குறுகிய பொருள்கொண்ட 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பும் உயிர்காக்கும் அதிகாரத்தைப் பறிக்கவில்லை. எனவே, கருணாபுரச் சாவுகளுக்குக் கூட்டாட்சியின் அதிகாரப் பகிர்வைக் காரணமாக்க இயலாது. அதிகாரம் இருந்தது, அது செலுத்தப்பட வேண்டிய இடத்தில் செலுத்தப்படவில்லை. 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாநிலத்தின் அதிகாரத்தை மேலும் விரித்துள்ளது. அதனால் அதன் பொறுப்பும் அதே அளவுக்கு விரிந்துள்ளது. அப்பொறுப்பு மலையடிவாரக் காவற்சாவடியோடு முடிவதன்று. மலைமேலுள்ள பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் சாலையையும் உள்ளடக்கியது.